மிரண்ட நாய் பழகிய வரலாறு: தென்பெண்ணைக் கரையிலிருந்து அருணாசல மலைவரை

அடிபட்டும் துரத்தப்பட்டும் மனிதரிடம் அச்சம் கொண்ட நாய், ஒரு குடும்பத்தை மறுபடி நம்பத் தொடங்குவதற்கு நாள் பிடிக்கும். முதலில் அது ஒளிந்து கிடக்கும். பிறகு தூரத்தில் நின்று வீட்டாரின் நடமாட்டத்தைக் கவனிக்கும். ஆள் விலகிய பின் வந்து சோற்றைத் தின்னும். பின்னர் ஆள் இருக்கும்போதே தின்னும். கடைசியில், யாரும் அழைக்காத ஒரு வேளையில், தானாக வந்து காலோடு ஒட்டி நிற்கும். இந்தப் பழக்கம் ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு நடந்துகொண்டே இருந்திருக்கிறது. எழுத்தில் ஏறியதோ மிகக் குறைவு. கோயில் கல்வெட்டுகள் விளக்கெரிக்கக் கொடுத்த ஆடுகளையும் பசுக்களையும் எண்ணிக் குறித்துவைத்தன. வாசலில் ஒண்டிய நாயைக் குறிக்க யாருக்கும் தேவை எழவில்லை.

திருக்கோவிலூரைத் தொட்டு ஓடும் தென்பெண்ணையாற்றுப் பகுதி இதற்கு ஓரளவு விலக்கு. ஆற்றின் மேற்பகுதியில் எடுத்தனூர் நடுகல், திருக்கோவிலூரில் பைரவர் மரபு, அங்கிருந்து சுமார் 35 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருவண்ணாமலையில் ரமண மகரிஷியோடு வாழ்ந்த நாய்களைப் பற்றிய நினைவுகள் என நாய்க்கும் மனிதருக்கும் இருந்த உறவைக் காட்டும் மூன்று சான்றுகள் இங்கே கிடைக்கின்றன. முதல் இரண்டும் பின்னணி தருகின்றன. மூன்றாவதில்தான் மிரண்ட நாய் ஒன்று மனிதரை நம்பிய கதையும், அந்த நம்பிக்கை ஒரே அடியில் போன கதையும் முழுதாகப் பதிவாகியுள்ளன.

எடுத்தனூர், சாத்தனூர் அணைக்கு அருகே, தண்டராம்பட்டு வட்டாரத்தில் உள்ள சிற்றூர். பழைய செங்கம் பகுதியைச் சேர்ந்தது. அப்பகுதியின் நடுகற்களைத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை ஆராய்ந்து, இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972-இல் நூலாக வெளியிட்டது. எடுத்தனூர்க் கல் முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதாவது 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. வாணகோ அரைசர் குடியைச் சார்ந்த பொற்றொக்கையார் என்பவரிடம் வீரனாக இருந்த கருந்தேவகத்தி, எருமைகளைக் காக்கப் போராடி மடிந்ததை அது சொல்கிறது. கல்லில் வீரனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாய்க்கெனத் தனி எழுத்துப்பொறிப்பும் உண்டு: கோவிவன் என்னும் அந்த நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்பது அதன் பொருள். அரசனின் ஆட்சியாண்டு, தலைவனின் பெயர், வீரனின் பெயர் ஆகியவற்றோடு ஒரு நாயின் பெயரும் அதே கல்லில் இடம்பெற்றிருக்கிறது. கர்நாடகத்தின் மண்டியா மாவட்டத்து ஆதக்கூரில் 949-50-ஐச் சேர்ந்த கல்வெட்டொன்று, காட்டுப்பன்றியோடு பொருது இறந்த காளி என்ற வேட்டைநாய்க்கு எடுத்த கல்லைப் பற்றிப் பேசுகிறது. இரண்டு நாய்களும் மந்தைக்கும் வேட்டைக்கும் பயன்பட்டவை. குட்டியிலிருந்தே மனிதர் கைச்சோறு தின்று, பெயர் சொல்லி அழைக்கப்பட்டு வளர்ந்திருக்கக்கூடியவை. அவற்றுக்கு மனிதரை நம்பப் புதிதாகக் கற்க வேண்டிய அவசியம் இருந்திராது.

பெயரில்லாத நாய்களின் நிலை வேறு. ஊரின் எச்சிற்சோற்றை நம்பி வாழும் நாயை ஆசாரமுள்ள வீடுகள் திண்ணைக்குக்கூட ஏற்றியதில்லை. அதே ஆசாரம், கோயிலுக்குள் நாயைத் தெய்வத்தின் ஊர்தியாக நிறுத்தி வைத்திருந்தது. சிவன் அந்தகாசுரனை அழித்த தலம் என்று போற்றப்படும் திருக்கோவிலூர் வீரட்டானேசுவரர் கோயில் அட்டவீரட்டத் தலங்களுள் ஒன்று. அந்தப் போரில்தான் பைரவர் அறுபத்து நால்வரும் தோன்றினர் என்பது தலபுராண மரபு. பைரவரின் ஊர்தி நாய். தேய்பிறை அட்டமியன்று பைரவரை வணங்கி, வெளியே வந்து தெருநாய்க்கு உணவிடுவோர் இன்றும் உண்டு. ஆனால் மாதத்தில் ஒரு நாள் கிடைக்கும் சோற்றுக்கும் மற்ற நாட்களில் பறக்கும் கல்லுக்கும் இடையில் வாழும் நாய், மனிதக் கை நீளும்போது அதில் இருப்பது எது என்று அறிய வழியில்லாமல் தவிக்கிறது. தெருநாயின் மிரட்சிக்கு வேர் பெரும்பாலும் இந்த நிச்சயமின்மைதான். எப்போதும் அடிப்பவரை விட்டு நாய் விலகிக்கொள்ள முடியும். ஒரு நாள் அணைத்து மறுநாள் அடிப்பவரிடம் அது என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறது.

1896 ஆகஸ்ட் இறுதியில், மதுரையிலிருந்து வீட்டைத் துறந்து புறப்பட்ட 16 வயதுச் சிறுவன் வேங்கடராமன், கையிலிருந்த பணம் தீர்ந்ததால் மாம்பழப்பட்டில் ரயிலைவிட்டு இறங்கி நடந்தான். பெண்ணையாற்றங்கரையில் அறையணிநல்லூர்க் கோயிலில் சிறிது நேரம் அமர்ந்தான். கோயில் சாத்தப்படும் நேரமானதால் பூசை செய்தவர்களோடு ஆற்றைத் தாண்டித் திருக்கோவிலூர் வீரட்டானேசுவரர் கோயிலுக்குச் சென்றான். அங்கே ஊழியர் ஒருவர் தம் பங்குச் சோற்றைக் கொடுத்தார். மறுநாள் கோகுலாட்டமி. முத்துகிருஷ்ண பாகவதர் வீட்டில் உணவு கிடைத்தது. காதுக் கடுக்கனை அவரிடம் அடகுவைத்து 4 ரூபாய் பெற்று, திருக்கோவிலூரிலிருந்து ரயிலேறி செப்டம்பர் 1-ஆம் தேதி திருவண்ணாமலை சேர்ந்தான். பிற்காலத்தில் ரமண மகரிஷி என்று உலகறிந்தவர் இவரே. பசியோடும் ஊர் பேர் தெரியாமலும் வந்த ஒருவனுக்கு அந்நியர் சோறிட்ட இந்தத் திருக்கோவிலூர் நிகழ்ச்சியை, பின்னாளில் மலையில் அவரை அண்டிவந்த விலங்குகளை அவர் நடத்திய விதத்தோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றுவது இயல்பு.

1899 முதல் 1916 வரை ரமணர் பெரும்பாலும் திருவண்ணாமலையின் அருணாசல மலைச்சரிவிலுள்ள விருபாட்ச குகையில் இருந்தார். குரங்கு, அணில், மயில், பாம்பு, நாய் எல்லாம் அந்தச் சூழலில் நடமாடின. விலங்குகளை அவர் அஃறிணையில் குறிப்பிட்டதில்லை. அவன், அவள் என்றே சொல்வார். ஆசிரமத்து நாய்கள் அவருக்குப் பசங்கள். சாப்பாட்டு வேளையில் முதலில் நாய்களுக்கு, அடுத்துப் பிச்சைக்கு வந்தவர்களுக்கு, கடைசியில் அடியார்களுக்கு என்பது அவர் வகுத்த வரிசை. இதைக் கருணையின் அடையாளமாகவே எழுதுவது வழக்கம். நாயின் பக்கமிருந்து பார்த்தால் இதில் இன்னொரு பயனும் இருந்தது. தினமும் ஒரே வேளையில், ஒரே இடத்தில், தவறாமல் சோறு வந்தது. தெருநாய்க்கு இல்லாதிருந்த நிச்சயம் அங்கே கிடைத்தது.

இந்தக் காலத்தில் வந்தவன்தான் சின்னக் கருப்பன். அவன் வரலாற்றை ரமணரே சொல்லியிருக்கிறார். ஆர்தர் ஆஸ்போர்ன் 1954-இல் வெளியிட்ட ரமணர் வாழ்க்கை வரலாற்றிலும் அது இடம்பெற்றுள்ளது. உடல் முழுதும் கருநிறம் கொண்ட அந்த நாய், குகையில் இருந்தவர்களின் கண்ணுக்குத் தொலைவில் ஏதோ கருப்பாகக் கடந்து போவதாகவே முதலில் தெரிந்தது. சில வேளை புதருக்கு மேலே தலை மட்டும் எட்டிப் பார்க்கும். யாரோடும் சேராமல், ஆளைக் கண்டால் விலகியே திரிந்தான். ரமணர் அதை வைராக்கியம் என்று மதிப்போடு சொன்னார். குகைவாசிகள் அவனை அழைக்கவில்லை, பிடிக்க முயலவில்லை, பின்தொடரவும் இல்லை. அவன் இருக்கும் இடத்துக்கு அருகே உணவை வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவார்கள்.

எத்தனை நாள் இப்படிப் போயிற்று என்று பதிவு சொல்லவில்லை. ஒரு நாள் ரமணரும் மற்றவர்களும் மலைமேல் ஏறிக்கொண்டிருந்தபோது, கருப்பன் திடீரென்று பாதையின் குறுக்கே பாய்ந்து, ரமணர்மேல் விழுந்து புரண்டு, வாலை ஆட்டிக் கொண்டாடினான். அத்தனை பேருக்குள் தம்மை மட்டும் அவன் எப்படித் தேர்ந்தான் என்பதே ரமணருக்கு வியப்பு. புதரிலிருந்து நீண்ட நாள் கவனித்துவந்த நாய்க்கு ஒவ்வொரு மனிதரின் நடையும் குரலும் தனித்தனியே தெரிந்திருக்கும் என்பதை நினைத்தால், தேர்வு அன்று பாதையில் நடந்ததல்ல, அதற்கு வெகு முன்பே முடிந்துவிட்டது என்று கொள்ளலாம். மிரண்ட நாய் ஒளிந்திருக்கும் காலம் வீண் காலம் என்று பலர் எண்ணுகிறார்கள். நாய் தன் வேலையைச் செய்வது அப்போதுதான்.

அதன்பின் கருப்பன் ஆசிரமவாசியானான். பழைய ஒதுக்கம் முற்றிலும் போயிற்று. வருவோர் போவோர் எல்லோரோடும் நட்புக் கொண்டான். மடியில் ஏறி ஒட்டிப் படுத்துக்கொள்வான். பெரும்பாலோர் இசைந்தார்கள். விலகப் பார்த்தவர்களையும் அவன் எளிதில் விடுவதில்லை. போ என்று சொன்னால் மட்டும் உடனே கீழ்ப்படிவான். பல நாள் அஞ்சிக் கிடந்த நாய் பழகிய பின் அன்பில் அளவு கடப்பதை, நாயை எடுத்து வளர்த்த பல குடும்பங்கள் கண்டிருக்கும்.

அவன் போன கதையும் சேர்த்தே சொல்லப்படுகிறது. குகைக்கு அருகே வில்வ மரத்தடியில் ஆசாரமுள்ள அந்தணர் ஒருவர் மந்திரம் ஓதிக்கொண்டிருந்தார். நாய் அருகே வந்தாலே தீட்டு என்று கருதுபவர். கருப்பன் வழக்கம்போல் அவரிடமும் போனான். அவர் மனம் நோகக்கூடாதே என்று ஆசிரமவாசி ஒருவர் கோலை ஓங்கி நாயை அடித்தார். பலமான அடியில்லை. கருப்பன் அலறிக்கொண்டு ஓடினான். பிறகு அவன் ஆசிரமத்துக்குத் திரும்பவே இல்லை. எவர் கண்ணிலும் படவும் இல்லை. ஒரு முறை துன்புறுத்தப்பட்ட இடத்தை மறுபடி நெருங்காத மென்மை அவனுக்கு இருந்தது என்றார் ரமணர்.

இதற்கு முன்பே எச்சரிக்கை கிடைத்திருந்தது என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். குளிரும் மழையுமான ஓர் இரவில், ரமணரின் தொண்டர் பழனிசாமி கருப்பனைக் கடிந்து நடத்தினார். அந்த மழையிலும் கருப்பன் வெளியேறி, சற்றுத் தள்ளிக் கிடந்த கரி மூட்டையின்மேல் இரவு முழுவதையும் கழித்தான். காலையில்தான் அவனை அழைத்து வர முடிந்தது. அதற்கும் சில ஆண்டுகளுக்கு முன், திட்டு வாங்கிய ஒரு சிறு நாய் நேராகச் சங்கு தீர்த்தத்துக்கு ஓடியது. சிறிது நேரத்தில் அதன் உடல் குளத்தில் மிதந்தது. ஆசிரமத்து விலங்குகளுக்கும் அறிவும் கொள்கையும் உண்டு, அவற்றிடம் முரட்டுத்தனம் கூடாது என்று அப்போதே எல்லோருக்கும் ரமணர் சொல்லிவைத்திருந்தார். கோலெடுத்தவர் அதைக் கேளாதவராக இருக்கலாம், மறந்தவராகவும் இருக்கலாம். நாயைப் பழக்கிய பொறுமை ரமணருடையது. ஆனால் அதைக் காக்கும் பொறுப்பு, அங்கு வாழ்ந்த ஒவ்வொருவரிடமும் இருந்தது. இன்று ஒரு வீட்டில் நால்வர் பொறுமையாக இருக்க, ஐந்தாமவர் துடைப்பத்தை ஓங்கினால் நடப்பதும் இதுவே.

1916-இல் ரமணர் மலையில் இன்னும் மேலே கந்தாசிரமத்துக்கு மாறினார். அங்கே குட்டியாக வந்தவள் கமலா. வருடா வருடம் குட்டி போட்டு இடத்தை நிறைத்துவிடுவாள் என்று அஞ்சிச் சிலர் அவளை விரட்டிப் பார்த்தார்கள், அவள் போகவில்லை. முதல் பிரசவமானபோது அவளைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, நெற்றியில் குங்குமம் இட்டு, குட்டிகளோடு பத்து நாள் இருக்கத் துப்புரவான இடம் கொடுத்தார்கள். பத்தாம் நாள் தீட்டுக் கழித்து விருந்தும் நடந்தது. பிள்ளை பெற்ற பெண்ணுக்குத் தமிழ் வீடு செய்யும் முறைகள் இவை. நாய் தொட்டால் குளிக்க வேண்டும் என்று கருதப்பட்ட காலத்தில் ஒரு நாய்க்கே தீட்டுக் கழித்தது, அது வீட்டாள் என்று ஊரறியச் சொன்னதற்கு நிகர். கமலா பிற்காலத்தில் வழிகாட்டியே ஆனாள். புதியவர் ஒருவரைச் சுற்றிக் காட்டச் சொன்னால் மலையைச் சுற்றி ஒவ்வொரு சன்னிதிக்கும் குளத்துக்கும் அவரை அழைத்துப் போவாள்.

1922 மே 19 அன்று ரமணரின் தாய் அழகம்மாள் மறைந்தார். அவர் சமாதி அமைந்த மலையடிவாரத்துக்கு அவ்வாண்டின் இறுதியில் ரமணர் வந்துவிட, இன்றைய ரமணாசிரமம் உருவாயிற்று. 1924-இல் அங்கே நான்கு நாய்கள் இருந்தன. ரமணர் உண்ணாத எதையும் அவை தொடுவதில்லை என்று சொல்லக் கேட்ட பண்டிதர் ஒருவர், சோதிக்க எண்ணி அவற்றின் முன் உணவைப் பரப்பினார். நாய்கள் தொடவில்லை. சற்று நேரம் கழித்து ரமணர் அதில் ஒரு சிறு கவளத்தை வாயில் போட்டுக்கொண்டதும் பாய்ந்து தின்றன. பக்தர்கள் இதைப் பக்தியாகக் கண்டார்கள். ஒருவரை முழுதாக நம்பும் நாய், புதிய பொருளோ புதிய ஆளோ எதிர்ப்படும்போது அந்த ஒருவரின் செய்கையைப் பார்த்துத் தன் அச்சத்தை அளந்துகொள்கிறது என்றும் இதைப் படிக்கலாம். ஆசிரமத்தில் வாழ்ந்த ஜாக்கி என்ற நாயின் சமாதியை, லட்சுமி என்ற பசுவின் சமாதிக்கு அருகே, மான், காகம் ஆகியவற்றின் சமாதிகளோடு இன்றும் காணலாம். எடுத்தனூரில் கண்ட, நாயைக் கல்லில் நினைவுகூரும் செயல் ஏறத்தாழ 1300 ஆண்டுக்குப் பின் அதே வட்டாரத்தில் மீண்டும் நிகழ்ந்திருக்கிறது. இம்முறை கள்ளரைக் கடித்ததற்காக அல்ல, வெறுமனே கூட வாழ்ந்ததற்காக.

மலையில் இப்படி இருந்த காலத்தில் நகரங்கள் வேறு வழியில் போயின. சென்னையில் மாநகராட்சி தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுவந்தது; கண்ணியும் நாய் வண்டியும் 20-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் நகரத் தெருக்களின் வழக்கமான காட்சிகள். வண்டிச் சத்தம் கேட்டாலே தெரு நாய்கள் சிதறி ஓடும். கேப்டன் வி. சுந்தரம் 1959-இல் நிறுவிய புளூ கிராஸ், கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்து விடலாம் என்று 1960-களிலிருந்தே வாதாடியது. 1996-இல்தான் சென்னை மாநகராட்சி அதை ஏற்றது. மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் எடுத்த முயற்சியைத் தொடர்ந்து 1960-இல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் வந்திருந்தது. அதன் கீழ் 2001-இல் நாய்களுக்கான கருத்தடை விதிகளும், அவற்றுக்கு மாற்றாக 2023-இல் புதிய விதிகளும் வந்தன. கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் முடிந்த நாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பது அவற்றின் சாரம். 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்து, வெறிநோய் கண்டவற்றுக்கும் மூர்க்கமானவற்றுக்கும் விலக்கு அளித்தது. தெருநாயைத் தத்தெடுக்க விரும்புவோர் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம், எடுத்த நாய் தெருவுக்குத் திரும்பாமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு என்றும் கூறியது. அதே ஆண்டு நவம்பர் 7-இல், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களிலிருந்து பிடிக்கப்படும் நாய்களை அங்கே திரும்ப விடாமல் காப்பகத்தில் வைக்க உத்தரவிட்டது.

கொலை நின்றது பெரிய மாற்றம். பிடிபடும் நாயின் அச்சம் மட்டும் நிற்கவில்லை. வலை, கூண்டு, அறுவை மேசை, தெரியாத நாய்களின் குரைப்பு என்று சில நாட்களைக் கழித்து வரும் நாயைத்தான் இன்றைய குடும்பம் எடுத்து வளர்க்கிறது. கருப்பனுக்கு ஓடி ஒளியப் புதர்கள் இருந்தன. அடுக்குமாடி வீட்டுக்கு வரும் நாய்க்கு அதுவும் இல்லை.

இந்த அச்சத்தின் காரணங்களை அறிவியல் 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆராய்ந்தது. 1961-இல் ஃபிரீட்மன், கிங், எலியட் ஆகிய மூவர், மனிதரைக் காணாமல் வேலியிட்ட வெளியில் வளர்ந்த குட்டிகளை வெவ்வேறு வயதில் மனிதரோடு பழகவிட்டார்கள். சில வாரக் குட்டிகள் எளிதில் ஒட்டிக்கொண்டன. 14 வாரம்வரை மனிதரைக் காணாதவை காட்டு விலங்கைப்போல் அஞ்சின. பின்பு எவ்வளவு முயன்றும் அவை முழுதாகப் பழகவில்லை. 1965-இல் ஸ்காட், ஃபுல்லர் இருவரும் வெளியிட்ட பெருநூல், ஏறத்தாழ 3 முதல் 12 வாரம் வரையிலான காலமே நாய் மனிதரோடு உறவு கொள்ளப் பழகும் முதன்மையான பருவம் என்று நிறுவியது. ஆகவே ஒரு நாயின் மிரட்சி எப்போதும் அடியால் வந்ததாக இருக்க வேண்டியதில்லை. அந்தப் பருவத்தில் மனிதக் கை படாமல் போனதும் போதும்.

1967-இல் பென்சில்வேனியாவில் செலிக்மனும் மையரும் செய்த சோதனை கொடுமையானது. தப்பவே வழியின்றி மின் அதிர்ச்சி பெற்ற நாய்களில் பெரும்பாலானவை, பின்பு தப்ப வழி கிடைத்தபோதும் எழுந்து போகாமல் முனகிக்கொண்டு கிடந்தன. அரை நூற்றாண்டு கழித்து, 2016-இல், அதே இருவர் தம் விளக்கத்தைத் திருத்தினார்கள்: ஒடுங்கிக் கிடப்பதே உடலின் இயல்பான எதிர்வினை, தன் செயலால் நிலைமை மாறும் என்பதைத்தான் உயிர் கற்க வேண்டியிருக்கிறது. புதிய வீட்டின் மூலையில் அசையாமல் கிடக்கும் நாயைச் சாது என்று சொல்லிக் குழந்தைகளை அதன்மேல் விடும் வழக்கம் எவ்வளவு தவறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். தான் விலகினால் மனிதர் தடுக்கமாட்டார், நெருங்கினால் துன்பம் வராது என்பதை அந்த நாய் தன் காலால் நடந்து கற்க வேண்டும்.

கொல்கத்தாவிலுள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு நம் தெருநாய்களிடையே நடத்திய ஆய்வுகள் கருப்பன் கதைக்கு இன்னும் நெருங்கியவை. 2017-இல் வெளியான முடிவுப்படி, தெருநாய்கள் அறியாதவர் கையிலிருந்து உணவு பெறத் தயங்கின. தரையில் வைத்தால் எடுத்துக்கொண்டன. ஆனால் தொடர்ந்து சில நாட்கள் சந்தித்தபோது, உணவு மட்டும் பெற்றவற்றைவிடத் தலையைத் தடவிக் கொடுக்கப்பட்டவை விரைவாக நெருங்கின. 2020-இல் வெளியான இன்னோர் ஆய்வில், கிண்ணத்தைச் சுட்டிக்காட்டிய மனிதரை ஏறத்தாழப் பாதி நாய்கள் அண்டவே இல்லை. அண்டியவற்றில் சுமார் 80 விழுக்காடு, சுட்டிய கிண்ணத்தைச் சரியாகப் பின்பற்றின. பாதி நாய்களைத் தடுத்தது அறிவுக் குறைவன்று, மிரட்சி. உணவைத் தரையில் வைத்து விலகுவது முதற்படி, தொடுதல் பிற்படி என்ற வரிசை விருபாட்ச குகையில் யாரும் ஆய்வு செய்யாமலேயே கைக்கொள்ளப்பட்டிருந்தது.

இன்று காப்பகங்களும் கால்நடை மருத்துவர்களும் சொல்லும் முறையும் இந்த வரிசையிலேயே அமைகிறது. புதிய நாய்க்கு முதலில் தேவைப்படுவது ஒளியும் இடம்: மாடிப்படிக்குக் கீழோ கட்டிலடியிலோ ஒரு பழைய சாக்கு, அருகே தண்ணீர். அந்த இடத்துக்குள் கை விடக்கூடாது. அங்கிருந்து இழுத்து வெளியே போடவும் கூடாது. சோறு தினமும் ஒரே நேரத்தில், ஒரே ஆள் வைத்து, வைத்ததும் விலக வேண்டும். தட்டின் அருகே ஆள் உட்காரும் நாள் வரும்போது நேருக்கு நேர் பார்க்காமல் பக்கவாட்டில், தரையில் அமர்வது நல்லது. மேலிருந்து நீளும் கையும் உற்றுப் பார்க்கும் கண்ணும் நாய்க்கு மிரட்டல். அதன் உடல் பேசுவதை வீட்டார் கற்றாக வேண்டும். வாலைக் காலிடுக்கில் செருகுவது எல்லோருக்கும் தெரிந்த அடையாளம். தூக்கமில்லாதபோது கொட்டாவி விடுவது, உணவில்லாதபோது மூக்கை நக்குவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது ஆகியவையும் அச்சத்தின் குறிகளே. இவற்றைக் கவனியாமல் நெருங்கினால் அடுத்தது உறுமல், அதற்கடுத்தது கடி. உறுமியதற்காக நாயை அடித்தால் அது உறுமலை விட்டுவிட்டு நேரே கடிக்கப் பழகும். வந்தவுடன் தடுப்பூசிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். கடியோ கீறலோ பட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். எவ்வளவு அன்பான நாயானாலும் இதில் தளர்வு கூடாது.

தொடுவதற்கான காலத்தை நாய் தீர்மானிக்கட்டும். அது கையை முகர்ந்தபின், தாடைக்கடியிலோ மார்பிலோ சில நொடி தடவி நிறுத்தினால், இன்னும் வேண்டுமா என்பதை அதுவே ஒட்டி நின்றோ விலகியோ சொல்லிவிடும். வீட்டில் ஏற்கெனவே மனிதரோடு நன்கு பழகிய நாய் ஒன்று இருந்தால் பாதி வேலையை அது செய்கிறது. ரமணர் வாயில் போட்ட கவளத்தைப்போல, மற்ற நாயின் நிதானம் புதியதற்கு நம்பிக்கை தருகிறது. மூன்று நாளில் திகைப்புத் தணியும், மூன்று வாரத்தில் வழக்கம் பிடிபடும், மூன்று மாதத்தில் வீடு தன் வீடாகும் என்று உலகெங்கும் காப்பகங்களில் ஒரு தோராயக் கணக்குச் சொல்வார்கள். மிகவும் மிரண்ட நாய்க்கு இது பல மடங்கு நீளும். இடையில் தீபாவளி வந்தால் பல வாரப் பழக்கம் ஓர் இரவில் கலையும். வெடிச் சத்தத்துக்கு அஞ்சி வேலி தாண்டி ஓடித் தொலையும் நாய்கள் ஏராளம். அந்த நாட்களில் இருட்டுமுன் வெளியே அழைத்துச் சென்று திரும்பி, சன்னல் சாத்திய உள்ளறையில் மின்விசிறியின் இரைச்சலோடு அதன் பழைய சாக்கைப் போட்டுவைத்தால் தாங்கிக்கொள்ளும். அச்சம் மறுபடி கூடினால் பழைய தூரத்திலிருந்து தொடங்க வேண்டும்: சோற்றை வைப்பதும் விலகுவதும்.

எல்லா நாயும் மடியேறுவதில்லை. குட்டிப் பருவத்தில் மனிதரை அறியாமல் வளர்ந்த நாய், ஆண்டுக் கணக்கில் சோறு தின்ற பின்னும் தொட விடாமல் இருக்கலாம். கழுத்துப்பட்டையும் சங்கிலியும் போட்டு அதை வீட்டுக்குள் அடைப்பது அதன் அச்சத்தையே வளர்க்கும். அத்தகைய நாயைச் சமூக நாயாக அதன் தெருவிலேயே வாழவிட 2023 விதிகள் இடம் தருகின்றன. குழந்தைகள் விளையாடும் இடத்துக்கும் குடியிருப்பின் வாசலுக்கும் தள்ளி உணவிடும் இடமொன்றைக் குடியிருப்போர் சங்கமோ உள்ளாட்சி அமைப்போ குறித்துக் கொடுக்க வேண்டும். அங்கே குறித்த வேளையில் உணவும், ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசியும் கிடைத்தால், கையெட்டும் தொலைவுக்கு வராத நாயும் தனக்குச் சோறிடுபவரின் நடையை அறிந்து, அவர் வரும் நேரத்தில் ஓடாமல் காத்து நிற்கும். அதற்குமேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டியதில்லை.